கவ்வாத்துக் கத்தி

காலையில் அப்பா, சட்டியில் குட்டையாக நான் வளர்க்கும் போன்சாய் மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருசம் இலங்கையில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கவ்வாத்து வெட்டியவர்; தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் வேலை அது.

சட்டியில் இருப்பது, பிடுங்கிப்போட்ட ஒரு பழைய தேயிலைத் தூர்.

"இந்த வாது உள்ளுக்கு வளருது பாரு."

கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பு. வெட்டுவாயில் ஒரு நார்கூடப் பிசிறவில்லை; தண்ணீர் தேங்காத சரிவு. நான் மாதக்கணக்கில் படித்தும் கைக்கு வராத வெட்டு அது.

போன்சாய் மாஸ்டர் ஜான் நாகா நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் பிறந்து, ஜப்பானில் தாத்தாவிடம் மரம் பழகி, பிறகு நாடு நாடாகப் போய்க் கற்றுக்கொடுத்தவர். பேரப்பிள்ளைகள் 11 பேருக்காக 11 ஜூனிபர் மரங்களை ஒரே தட்டில் வளர்த்து, 'கோஷின்' என்று பெயர் வைத்தார். 1984இல் அதைக் கொடையாகக் கொடுத்தார். 2004இல் அவர் போய்விட்டார். வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் வேறு கைகள் இன்றும் அதை வெட்டிப் பார்த்துக்கொள்கின்றன.

வெட்டாமல் விட்டால் தேயிலையும் முப்பதடி மரம்தான். அதைத் தலைமுறை தலைமுறையாக இடுப்பளவில் நிறுத்தி வைத்த எங்கள் ஆட்களை யாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. எனக்கு அது வலிக்கிறது.

அப்பா கத்தியைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"சரி, அடுத்தத நீ வெட்டு."