நிறுத்தினால் 31, ஓடவிட்டால் 85

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் ஒரே சூடு இல்லை என்பது திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எவ்வளவு வேறுபடுகிறது என்று எண்ணில் பார்க்கும் ஆசையில்தான் பற்றரியில் இயங்கும் வெப்பமானி ஒன்றைத் தொடங்கினேன். எஸ்.ரி.எம்.32 சிப் உள்ள ‘புளூ பில்’ பலகை, உருக்குக் குழாய்க்குள் அடைத்த டி.எஸ்.18பி20 உணரி, சித்தப்பாவின் மகன் எழுதித் தந்த நிரல். இயக்கினால் எப்போதும் 85 பாகை. ஐஸ் தண்ணீரில் போட்டாலும் 85.

“உணரி பழுது அண்ணா, வேறு வாங்குங்கள்” என்றான் அவன். வாங்குவதற்கு முன் சிப்பின் உள்ளே பார்த்துவிட நினைத்து நிரலை ஓட்டத்தின் நடுவே நிறுத்திப் பார்க்க உதவும் கருவியான எஸ்.ரி-லிங்க் டிபக்கரை எடுத்தேன்.

பலகையின் ஓரத்தில் நான்கு ஊசிகள்: 3.3 வோல்ட், தரவு, கடிகாரம், தரை. மலிவான டிபக்கர்களில் ஊசி வரிசை ஒன்றுக்கொன்று மாறும். அதன் உறையில் அச்சிட்டிருப்பதையே நம்ப வேண்டும். மின்சாரம் டிபக்கரிலிருந்தே கொடுத்தேன், யூ.எஸ்.பி. வயரைக் கழற்றிவிட்டேன். வயர் குட்டையாக இருப்பது நல்லது.

கணினியை டிபக்கருடன் பேசவைக்கும் மென்பொருளான ஓப்பன் ஓ.சி.டி., சிப்பைக் காணவில்லை என்றது. வயரில் குறையில்லை. பற்றரியைச் சேமிக்க நிரல் சிப்பை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்புகிறது. அந்த நிலையில் டிபக்கருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து, இணைப்புக் கட்டளை ஓடும்போது விட்டால் பிடிபடுகிறது. கைப்பழக்கம் வர நேரமெடுக்கும். பிடித்த பிறகு, உறக்கத்திலும் டிபக்கர் இணைப்பை விடாதே என்று சொல்லும் பிட் ஒன்றை நிரலின் தொடக்கத்திலேயே இட்டுவிட்டேன்.

இனி ஓப்பன் ஓ.சி.டி.யின் 3333ஆம் போர்ட் வழியாக, நிரலை நிறுத்தி அதிலுள்ள மதிப்புகளைக் காட்டும் ஜி.டி.பி. மென்பொருள். உணரியிலிருந்து வந்த முதல் இரண்டு பைட்டுகள் 50, 05. கீழ்ப் பைட் முதலில் வருவதால் வரிசையை மாற்றிப் படிக்க வேண்டும்: பதினாறடிமான எண் 0550 என்பது 1360. பதினாறால் வகுத்தால் 85. மின்சாரம் கிடைத்தவுடன் இந்த உணரி வைத்திருக்கும் ஆரம்ப மதிப்பே இதுதான். ஆகவே உணரி பழுதில்லை, அளந்து முடிக்கவில்லை.

உறுதி செய்ய, ‘அள’ என்ற கட்டளைக்கும் ‘வாசி’ என்ற கட்டளைக்கும் நடுவே, நிரல் வந்து நிற்கும் இடமாக, பிரேக்பாயின்ட் வைத்தேன். உணரியுடன் ஒரு பிட் பரிமாறும் நடுவே வைத்திருந்தால் எல்லாம் குழம்பியிருக்கும், அங்கே கணக்கு மைக்ரோசெக்கனில். இங்கே நிறுத்தி, சற்றுப் பொறுத்து, ஓடவிட்டதும் 31 பாகை வந்தது. திருமலையின் மதிய வெயிலுக்கு நம்பக்கூடிய எண். நான் நிறுத்திய நேரமே அந்த உணரிக்கு வேண்டியிருந்த அவகாசம்.

12 பிட் துல்லியத்தில் அளக்க அதற்கு 750 மில்லிசெக்கன் வரை ஆகும். நிரலோ ஒவ்வொரு முறையும் உணரிக்குப் புதிதாக மின்சாரம் கொடுத்து, உடனே வாசித்து, துண்டித்துவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு வாசிப்பும் முதல் வாசிப்பாகவே இருந்திருக்கிறது.

காத்திருப்பைச் சேர்த்தாயிற்று. 9 பிட்டுக்கு இறங்கினால் 94 மில்லிசெக்கன் போதும் என்கிறான் தம்பி, பற்றரிக்காக. அரைப் பாகைப் படிகள் அடுத்தடுத்த கிணறுகளை ஒன்றாக்கிவிடும் என்பது என் பயம். 11 பிட்டில், 375 மில்லிசெக்கனில், இப்போதைக்குச் சமாதானமாகியிருக்கிறோம்.