அப்பாவின் ஒரு கப் சாதம்

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த தாளில், மதியத்துக்கு 'ஒரு கப் சாதம்' என்று மட்டும்தான் இருந்தது. எந்தக் கப் என்று இல்லை. அம்மா ஒரு கிண்ணத்தை ஒதுக்கி வைத்து இரண்டு மாதம் அதிலேயே அளந்து போட்டார். அப்படியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை அளவு ஒரு நாள் போல இன்னொரு நாள் இல்லை, அப்பா வெளியில் ஏதோ வாங்கிச் சாப்பிடுகிறார் என்று அம்மாவுக்குச் சந்தேகம், அவருக்கோ அதில் கோபம். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கிச்சன் ஸ்கேல் ஒன்று வாங்கினேன். அதே கிண்ணம், அதே பொன்னிப் புழுங்கல். உதிரியாக வடித்த அன்று 140 கிராம். குக்கரில் குழைந்துபோன அன்று, அம்மா கரண்டியால் லேசாக அழுத்திப் போட்டதில் 205! சர்க்கரை ஏறி இறங்க வேறு காரணங்களும் உண்டுதான், ஆனால் தட்டிலேயே இவ்வளவு வித்தியாசம் இருந்தால் அப்பாவைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

சரி, சாதத்தை நிறுத்துப் போட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது. குழைந்த சாதத்தில் தண்ணீர் கூடுதல், அந்த எடையும் சேர்ந்துதான் வரும். அதனால் இப்போது அரிசியைத்தான் முதலில் நிறுக்கிறோம். 200 கிராம் அரிசி போட்டு, வெந்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் (எங்களுடையது 840 கிராம், மார்க்கரால் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்) ஒரு நாள் 560 வரும், ஒரு நாள் 600 வரும். அதில் கால் பங்கு அப்பாவுக்கு. 140 ஆனாலும் 150 ஆனாலும் உள்ளே இருப்பது 50 கிராம் அரிசி, ஏறக்குறைய 39 கிராம் மாவுச்சத்து. தட்டை ஸ்கேலில் வைத்து டேர் பட்டனை (தட்டின் எடையை விட்டுவிட்டுப் பூஜ்யத்திலிருந்து காட்ட வைப்பது) அழுத்திவிட்டுப் போட்டால் கணக்குப் போடும் வேலைகூட இல்லை.

நொறுக்குத் தீனியில் கிண்ணத்தை நம்பவே கூடாது. அதே கிண்ணத்தில் பொரி 20 கிராம்கூட வரவில்லை, வேர்க்கடலை 140 கிராம். எண்ணெயிலும் ஒரு குழப்பம் உண்டு: ஒரு லிட்டர் பாக்கெட்டில் இருப்பது சுமார் 910 கிராம்தான், மில்லியும் கிராமும் ஒன்று என்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும். தாளிக்கிற ஸ்பூனைத் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தேன், 5 மில்லி என்று நினைத்திருந்தது 8 பிடிக்கிறது.

உப்பு, பெருங்காயம், ஈஸ்ட் மாதிரி இரண்டு மூன்று கிராம் சமாசாரங்களுக்குச் சமையலறை ஸ்கேல் சரிப்படாது, அதற்கு அளவு ஸ்பூன்தான். அப்புறம், இட்லிக்கு அம்மா இன்னும் பாட்டியின் ஆழாக்கில்தான் அளக்கிறார், நாலுக்கு ஒன்று, தலை தட்டி. அங்கே தேவை விகிதம்தான், அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே ஆழாக்கு என்பதால் அதில் நான் கை வைக்கவில்லை.