யாரிடம் பேசினார்கள்?

அமெரிக்காவில் லாபியிஸ்டுகள் (காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக அரசிடம் பேசி ஆதரவு தேடுபவர்கள்) தாக்கல் செய்யும் காலாண்டு அறிக்கை ஒன்றை நேற்று ராத்திரி வரி வரியாகப் படித்தேன். யாருக்காக, எந்த மசோதா, எத்தனை டாலர், எல்லாம் இருக்கிறது. யாரிடம் பேசினார்கள் என்ற இடத்தில் மட்டும் 'செனட்' (நாடாளுமன்ற மேலவை) என்று போட்டால் போதும். எந்த செனட்டர், என்றைக்கு? பதிலே கிடையாது.

கனடாவில் ஒரு லாபியிஸ்ட் மூத்த அதிகாரியையோ எம்.பி.யையோ முன்கூட்டியே நேரம் வாங்கிச் சந்தித்தால் பெயர், தேதி, விஷயம் மூன்றையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். இதுதான் வெளிப்படைத்தன்மை.

இன்னொன்றும் ரொம்ப உறுத்துகிறது. அமெரிக்காவின் 1995 சட்டப்படி, ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலை நேரத்தில் லாபி 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் அவர் லாபியிஸ்டே இல்லை, பதிவும் வேண்டாம். செல்வாக்குள்ளவர் 'ஆலோசகர்' என்ற பெயரில் ஒரே ஒரு போன் போட்டாலே காரியம் முடிந்துவிடுமே! மக்களுக்குத் தெரிய வேண்டியது அந்த போன்தானே?