புணானை மழையும் சோச்சி மழையும்

மட்டக்களப்பில் வேன் ஹயர் ஓடுகிறேன். எயார்போர்ட் ஓட்டம்தான் அதிகம். கத்தார், சவூதி போகிற பிள்ளைகளை இரவோடு இரவாகக் கட்டுநாயக்காவில் இறக்கிவிட வேண்டும். மாரி காலத்திலும் அப்படித்தான்.

ஒரு மார்கழி இரவு, புணானை தாண்டி வைப்பருக்கு அடங்காத மழை. பின்னால் இருந்த தம்பி, "அண்ணன், நேரம் பிந்திட்டு, கொஞ்சம் மிதியுங்க" என்றார். மிதித்தேன். லொறி ஓடிப் பள்ளமான சக்கரத் தடத்தில்தான் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். தெரிந்தும் அதிலேயே போனேன். அடியில் சளசளவென்று அடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர்மேல் ஏறிவிட்டது. பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டியரிங்கை வெட்டவில்லை. எக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். டயர் மறுபடி ரோட்டைப் பிடித்தபோது பாதி வேன் எதிர்ப்பக்கம் நின்றது. எதிரே ஒன்றும் வரவில்லை. அதை என் கெட்டித்தனத்தில் சேர்க்க முடியாது.

மகனோடு போர்மியூலா வன் கார்ப் பந்தயம் பார்ப்பேன். மழையில் அவர்களும் வழக்கமான தடத்தை விட்டு விலகித்தான் ஓடுவார்கள். அங்கே பள்ளம் இல்லை. ஆனால் டயர் ரப்பர் படிந்த இடம் நனைந்தால் வழுக்கும். விநாடிக்குப் பல வாளித் தண்ணீரை ஒதுக்கும் மழை டயரே அங்கே மிதக்கிறது. என் வேன் டயரை என்ன சொல்வது!

ஆனால் எனக்கு மறக்காதது ரஷ்யாவில் நடந்த 2021 சோச்சி ஓட்டம். கடைசிச் சுற்றுகளில் மழை. முன்னால் போன லாண்டோ நோரிஸ், டயர் மாற்ற வரமாட்டேன் என்று, காய்ந்த ரோட்டுக்கான, வெட்டில்லாத வழுவழு டயரிலேயே நின்றார். பின்னால் வந்த ஹமில்டனும் அவருடைய அணி முதல் தடவை கூப்பிட்டபோது வரவில்லை. அடுத்த சுற்றில் வந்து மாற்றினார். அது அவருக்கு 100ஆவது வெற்றி. நோரிஸ் வழுக்கி வெளியே போய், கடைசியில் 7ஆம் இடம். மகன் அவரை மடையன் என்றான். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இன்னும் மூன்று சுற்றுத்தானே என்று அவர் நினைத்திருப்பார். பொலன்னறுவை தாண்டினால் மழை விட்டுவிடும் என்றுதானே நானும் அன்று மிதித்தேன்?

அன்று வெலிக்கந்தை வரை ஊர்ந்து போய், ஒரு தேத்தண்ணிக் கடையோரம் வேனை நிறுத்தினேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்து, "போவமா அண்ணன்?" என்றார்.

"மழை கொஞ்சம் விடட்டும்" என்றேன். அவர் இன்னொரு தேத்தண்ணி சொன்னார்.