நகர்ந்துபோன வீடும் ஒரு காலரா வரைபடமும்

பொதுச் சுகாதார முதுகலையில் கடைசிப் பருவம். இங்கிலாந்தில், எக்ஸெட்டரில் இருந்தேன். ஆய்வேட்டுக்கு எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அப்போது எங்கள் பேராசிரியர், "இந்த ஊரிலேயே ஒருவர் இருக்கிறாரே" என்று ஒரு பெயரைச் சொன்னார்: தாமஸ் ஷாப்டர்.

ஷாப்டர் 1809இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் முடித்து, 1832இல் தொழில் செய்ய எக்ஸெட்டருக்கு வந்தார். வயது 23. வந்த வருடமே, ஜூலையில், ஊருக்குள் காலரா நுழைந்தது. சுமார் 28,000 பேர் இருந்த ஊரில் சில மாதங்களுக்குள் 400 பேர் அளவில் இறந்துபோனார்கள். இவர் ஊரை விட்டுப் போகவில்லை. பெரிய மருத்துவராகி, 1840களின் பிற்பகுதியில் நகர மேயராகவும் இருந்தார். 1849இல் அந்த 1832ஆம் ஆண்டைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார். மருத்துவப் புத்தகம் என்று நினைத்துத் திறந்தால் பாதிக்கு மேல் ஊர்க்கதை. தண்ணீர் யார் சுமந்தார்கள், இறந்தவர்களின் துணியை எங்கே எரித்தார்கள், எந்த இடத்தில் புதைக்கக் கூடாதென்று ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள் என்று போகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

புத்தகத்தோடு ஒரு வரைபடம் இருக்கிறது. 1832, 1833, 1834 என்று மூன்று வருடத்து இறப்புகளுக்கும் தனித்தனிக் குறி. மருந்துக்கடை, கஞ்சி ஊற்றிய இடம், புதைகுழி எல்லாம் அதில் உண்டு. காலரா தண்ணீரால் பரவுகிறது என்று வாதாடிய மருத்துவர் ஜான் ஸ்நோவின் புகழ்பெற்ற லண்டன் பம்பு வரைபடத்துக்குச் சில ஆண்டுகள் முந்தியது. இதை இன்றைய மேப்பின் மேல் கச்சிதமாகப் பொருத்தி, குறிகளைத் தெருவாரியாக எண்ணுவது என் வேலை. ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று.

மென்பொருள் கியூஜிஐஎஸ் (QGIS), மேப் வேலைக்கானது. இலவசம். பழைய மேப்பின் ஸ்கேனைத் திறந்து, அதில் ஒரு இடத்தைச் சொடுக்கி, இன்றைய மேப்பில் அதே இடத்தைக் காட்டவேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து புள்ளி கொடுத்தால் மீதியை அது இழுத்துப் பொருத்திக்கொள்ளும். சொல்லும்போது சுலபம். ஆனால் 1849க்கும் இன்றைக்கும் மாறாத இடமாகப் பதினைந்து எங்கே கிடைக்கும்? 1942 மே மாதக் குண்டுவீச்சில் ஹை ஸ்ட்ரீட் பக்கம் பெரும்பகுதி போய்விட்டது. பெட்ஃபோர்ட் சர்க்கஸ் என்று அழகான பிறைவட்ட வீடுகள் இருந்ததாம், இன்று அந்தப் பக்கம் கடைவீதி. கதீட்ரல் இருக்கிறது. நார்த் ஸ்ட்ரீட் முனை இருக்கிறது. ஸ்டெப்கோட் ஹில் என்ற செங்குத்தான படித்தெருவும் அதன் அடியில் செயின்ட் மேரி ஸ்டெப்ஸ் தேவாலயமும் இருக்கின்றன. அந்தத் தேவாலயத்துக்கு எதிரே, மரச்சட்டம் போட்ட, மேல்மாடி தெருவை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பழைய வீடு. எட்மண்ட் ஸ்ட்ரீட்டும் ஃப்ராக் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் இருந்த வீடு என்று எங்கோ படித்திருந்தேன். ஆஹா, ஐந்நூறு வருட வீடு, இதைவிட நல்ல புள்ளி கிடைக்குமா! வரைபடத்தில் அந்த மூலையைத் தேடிச் சொடுக்கினேன். இன்றைய மேப்பில் வீட்டைச் சொடுக்கினேன். நாலாம் புள்ளி.

பொருத்தும் முறையாக 'தின் பிளேட் ஸ்ப்ளைன்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பழைய மேப்புகளுக்கு அதுதான் நல்லது என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகி விழுகிறது என்று காட்டும் பிழைப் பட்டியலில் எல்லாப் புள்ளிக்கும் சைபர். சந்தோஷத்தில் அன்றைக்கு வெளியில் போய்ச் சாப்பிட்டேன். அடுத்த மூன்று ராத்திரி உட்கார்ந்து குறிகளை ஒவ்வொன்றாகப் பதிந்தேன்.

பேராசிரியர் திரையைப் பார்த்தார். "ஆறு ஏன் இங்கே முழங்கையை மடக்குகிறது?" என்றார். எக்ஸ் ஆறு, மேற்கு வாசலுக்குக் கீழே, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை. அவர் அதோடு விடாமல், "இந்தத் தெருவில் இத்தனை சாவு, சரி. எத்தனை பேரில்?" என்றும் கேட்டுவிட்டுப் போனார். அந்த இரண்டாவது கேள்விக்கு 1831 மக்கள்தொகைக் கணக்கை வட்டாரவாரியாகத் தேடி எடுத்தது தனிக் கதை, அதை விடுகிறேன்.

அன்று இரவு அப்பாவிடம் புலம்பினேன். அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கியூஜிஐஎஸ் எல்லாம் அவருக்குத் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்லு நட்ட எடத்துலதான் இருக்கான்னு பாத்தியாம்மா?" என்றார். அவர் பார்த்த வரப்புத் தகராறுகளில் பாதிக்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்த சர்வே கல்லால் வந்தவைதான். "இது வீடுப்பா, கல்லு இல்ல. வீடு எப்படிப்பா நகரும்?" என்று எரிச்சலோடு போனை வைத்தேன்.

மறுநாள் காலை அந்த வீட்டு முன்னால் போய் நின்றேன். ஊர்க்காரர்கள் அதை 'நகர்ந்த வீடு' என்றுதான் சொல்கிறார்களாம். 1961 டிசம்பரில் புதுச் சாலை போடுவதற்காக, வீட்டை அப்படியே சட்டத்தில் கட்டித் தூக்கி, சக்கரம் வைத்து, சரிவில் சுமார் 70 மீட்டர் மேலே இழுத்து வந்து வைத்திருக்கிறார்கள். எத்தனை தடவை அந்த வழியாக நடந்திருப்பேன்!

அப்புறம்தான் உறைத்தது. ஸ்ப்ளைன் முறை நான் கொடுத்த புள்ளி தப்போ சரியோ, படத்தை வளைத்து அதன் வழியாகவே கொண்டுபோய்விடும். பிழை சைபர் என்று காட்டாமல் என்ன செய்யும்? படத்தை வளைக்காமல் மொத்தமாகவே நகர்த்தி நீட்டும் எளிய 'பாலினாமியல் 1' முறைக்கு மாற்றிப் பார்த்தேன். மற்றப் புள்ளிகளின் பிழை இருபது முப்பது பிக்சல், நாலாம் புள்ளி மட்டும் நூறைத் தாண்டி நின்றது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் இதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்ப்ளைன் பக்கம் போங்கள். நாலாம் புள்ளியை எடுத்துவிட்டு, பழைய இடைக்காலப் பாலத்தின் மேல் இன்றும் நிற்கும் செயின்ட் எட்மண்ட் தேவாலய இடிபாட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆறு நிமிர்ந்தது. மூன்று ராத்திரி வேலையை மறுபடியும் செய்தேன்.

சரியாகப் பொருந்திய பிறகு ஒரு கோடு மட்டும் நானாகச் சேர்த்தேன். ஆலைகளுக்காக ஆற்றிலிருந்து வெட்டிவிட்ட கால்வாய் அது. தண்ணீர் சுமப்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மொண்டிருக்கிறார்கள். முதல் நோயாளிகள் இருந்தது நார்த் ஸ்ட்ரீட்டில். அந்தப் பக்கத்துச் சாக்கடை ஆற்றில் கலந்தது, கால்வாய் பிரியும் இடத்துக்குச் சில கெஜம் மேலே. ஸ்நோவுக்கு இந்தத் தகவலைக் கொடுத்ததே ஷாப்டர்தான். ஆனால் குற்றவாளி தண்ணீர்தான் என்று அவர் தன் புத்தகத்தில் முடிவு கட்டவில்லை. தாழ்ந்த நிலம், நெரிசல், நாற்றம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போகிறார். இத்தனையும் வரைந்து வைத்துவிட்டு இது கண்ணில் படவில்லையா என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. முறுக்கிய ஆற்றை மூன்று ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆய்வேடு தேறிவிட்டது. அப்பாவிடம் சொன்னபோது, "கல்லுதானே?" என்று மட்டும் கேட்டார்.

ஃப்ராக் ஸ்ட்ரீட் இப்போது இல்லை. அந்தப் பக்கத்து இறப்புக் குறிகளில் சில, சரியாகப் பொருத்திய மேப்பில், வெஸ்டர்ன் வே சாலையின் நடுவில் விழுகின்றன. ஒரு மழைநாளில் போய்ப் பார்த்தேன். நின்று பார்க்க நடைபாதைகூட இல்லை, லாரிகள் போய்க்கொண்டிருந்தன.