அசிங்கத்துக்கு எதிர்ச்சொல் சிங்கம் இல்லை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் ஆங்கில எதிர்ச்சொல் பகுதிக்கென்றே ஒரு குறுக்குவழி உண்டு. முன்னால் அன், இன், டிஸ் என்று எது ஒட்டியிருந்தாலும் வெட்டு, பின்னால் லெஸ் இருந்தால் ஃபுல் போடு, முடிந்தது வேலை. தினமும் புழங்குகிற சொற்களுக்கு இது சரி. கொஞ்சம் அபூர்வமான சொல் வந்ததும் காலை வாரிவிடும்.

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று பெரிதாக எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். இன் என்று தொடங்குகிறதே, தீப்பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்து ஒருவர் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தால் கதை கந்தல். அந்த இன் 'இல்லை' என்று சொல்கிற இன் அல்ல, பற்றவைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையோடு சேர்ந்தே வந்தது. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. இரண்டுக்கும் ஒரே பொருள், எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. எதிர்ச்சொல் வேண்டுமென்றால் நான்ஃப்ளேமபிள்.

இதைவிட வேடிக்கை டிஸ்கிரன்டில்ட். அதிருப்தியில் முறுமுறுத்துக்கொண்டிருப்பவரைச் சொல்வது. டிஸ்ஸை வெட்டினால் திருப்தி வரும் என்று பார்த்தால், பழைய வழக்கில் கிரன்டில் என்றாலே முனகுவதுதான், பன்றி உறுமுவதைச் சொல்கிற கிரன்ட்டின் பிள்ளை அது. டிஸ் இங்கே அழுத்தம் கொடுக்க வந்தது, அவ்வளவே. ஆனால் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் 1938இல் வந்த நாவலில் கிரன்டில்ட் என்பதைத் 'திருப்தியான' என்ற பொருளில் கிண்டலாக எழுதினார், இன்றைக்கு அகராதியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. இருந்தாலும் தேர்வில் கன்டென்டட் என்று குறிப்பதே பத்திரம்.

அப்புறம் லெஸ் குடும்பம். ரூத்லெஸ் என்றால் ஈவிரக்கம் இல்லாத. ரூத் என்ற இரக்கம் ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது, மில்டன் கவிதையில்கூட உண்டு, இப்போது யாரும் சொல்வதில்லை. ஹேப்லெஸ்ஸில் இருக்கிற ஹேப் அதிர்ஷ்டம், ஹேப்பியும் பெர்ஹாப்ஸும் அதே வேர்தான். எனக்குப் பிடித்தது ஃபெக்லெஸ். எஃபெக்ட்டை ஸ்காட்லாந்துக்காரர்கள் சுருக்கியதில் வந்தது ஃபெக். பொறுப்பும் கிடையாது, துப்பும் கிடையாது, நம் வீடுகளில் 'தண்டச்சோறு' என்று திட்டுவோமே, கிட்டத்தட்ட அந்த ஆள். அதனால் எதிர்ச்சொல்லாக ரெஸ்பான்சிபிளும் வரலாம், கேப்பபிளும் வரலாம், கொடுத்திருக்கிற நாலு விடையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அன்கூத் இன்னொரு கதை. கூத் என்றால் 'அறிந்த'. அறியாத, அயலான என்று இருந்த சொல்தான் நாளடைவில் 'நாகரிகமற்ற' என்று ஆகிவிட்டது. நமக்குத் தெரியாதவன் எல்லாம் பண்பில்லாதவன் என்கிற புத்தி எல்லா ஊரிலும் இருக்கும்போல.

முன்னொட்டே இல்லாமல் ஏமாற்றுகிற சொற்களும் உண்டு. லோன் சாங்ஷன் ஆனால் இனிப்பு வாங்குகிறோம். ஒரு நாட்டின்மீது சாங்ஷன் என்றால் பொருளாதாரத் தடை. அனுமதியும் அதுவே, தண்டனையும் அதுவே. வாக்கியமே கொடுக்காமல் இதற்கு எதிர்ச்சொல் கேட்கிற கைடுகளைத் தாராளமாகப் பழைய பேப்பர் கடையில் போடலாம்.