எண்ணிலிருந்து பெயருக்கு

காக்கி உடுத்தாமலே காவல்துறைக்குள் பணிக்காலம் முழுவதையும் கழிப்பவர்கள் அமைச்சுப் பணியாளர்கள், அதாவது அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர்கள். கடலூரில் நான் அதிக காலம் பார்த்தது காவலர்களின் பணிப் பதிவேடுகளையும் பணிமூப்புப் பட்டியல்களையும் பராமரிக்கும் வேலை. யாருடைய சட்டைக் கையில் எப்போது பட்டை ஏறும், யாருடைய தோளில் எப்போது நட்சத்திரம் ஏறும் என்பதைச் சொல்லும் கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் மேலே போயின. அதனால் பதவி அடுக்கு என்றதும் மற்றவர்களுக்கு அணிவகுப்பு நினைவுக்கு வரும். எனக்குத் தேதிகள் நினைவுக்கு வருகின்றன.

என் காலத்துக் கணக்கு இது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் 10 ஆண்டுகள் முடித்தால் முதல் நிலைக் காவலர். சேர்ந்ததிலிருந்து 15 ஆண்டுகளில் தலைமைக் காவலர். 25 ஆண்டுகளில் சிறப்பு உதவி ஆய்வாளர், எல்லோரும் சொல்வதுபோல எஸ்.எஸ்.ஐ. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் பதிவேட்டைத் திறந்தால் தெரியும், ஒருவர் பணியில் சேர்ந்த நாளும் அவருடைய கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. 1955ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 3(அ) சிறு தண்டனைக்கானது, 3(ஆ) பெருந்தண்டனைக்கானது. எங்கோ ஒரு பந்தோபஸ்துக்குத் தாமதமாக வந்ததற்காகப் பதிவான ஒரு குற்றக்குறிப்பாணை முடிக்கப்படாமல் கிடந்தால், அந்த மனிதரின் பெயர் பட்டியலில் விடுபட்டுப்போகும். அவருடன் ஒரே நாளில் பயிற்சிக்குப் போனவர்கள் மேலே போய்விடுவார்கள். "மேடம், என் பி.ஆர். (தண்டனை நடவடிக்கைக் கோப்பு) முடிந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றவர்களின் முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. குற்றம் செய்தவர் தண்டனை பெறட்டும்; தீர்ப்பே சொல்லாமல் ஆண்டுகளை இழுப்பது எந்த விதியிலும் இல்லாத தண்டனை.

இந்தக் காலமுறை உயர்வு வருவதற்கு முந்தைய பதிவேடுகளையும் நான் கையாண்டிருக்கிறேன். மேலே காலியிடம் இருந்தால்தான் பதவி உயர்வு. காலியிடங்களோ மிகக் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துக் காவலராகவே ஓய்வுபெற்றவர்கள் ஏராளம். மகளின் திருமணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே என்ன அச்சிடுவது என்று தயங்கி, வெறுமனே 'காவல்துறை' என்று போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். ஆகவே, இத்திட்டம் பதவியின் மதிப்பைக் கெடுத்துவிட்டது என்று அதிகாரிகள் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

அந்தத் தேக்கம் தற்செயலாக வந்ததன்று. சென்னை மாகாணத்துக்கு 1859இலேயே தனிக் காவல் சட்டம் வந்துவிட்டது. நாடு தழுவிய சட்டம் வந்தது 1861இல்தான். பின்னர், 1902இல் ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையில் அமைந்த காவல் ஆணையம் இன்றைய அடுக்கின் எலும்புக்கூட்டை வகுத்தது. நிலையத்தின் பொறுப்பை உதவி ஆய்வாளரிடம் கொடுத்து, அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து படித்தவர்களை நேரடியாக எடுக்கச் சொன்னது. டி.எஸ்.பி. பதவியும் அந்தச் சீர்திருத்தத்தில் வந்ததுதான். காவலருக்கு அது ஒதுக்கியது இயந்திரம்போலச் செய்யும் வேலைகளை மட்டுமே: காவல் நிற்பது, ரோந்து போவது, கைதியை அழைத்துச் செல்வது. சிந்திக்கும் வேலை மேலே, நிற்கும் வேலை கீழே என்று அன்று போட்ட கோடு அது. 1977இல் தரம்வீரா தலைமையில் அமைந்த தேசியக் காவல் ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே காவலர்களின் நிலையை எடுத்துப் பேசி, இந்தப் பார்வை மாற வேண்டும் என்றது. மேல்தட்டில் மாற்றங்கள் வேகமாகவே வந்தன. மாநிலக் காவல்துறைக்கு ஐ.ஜி. தலைவராக இருந்த காலம் 1970களின் இறுதியோடு முடிந்து, டி.ஜி.பி. வந்தார்; பிறகு இடையில் ஏ.டி.ஜி.பி.க்கள் பெருகினார்கள். நிலையங்கள் பலவும் ஆய்வாளர் பொறுப்புக்கு உயர்ந்தன. அடித்தட்டில்தான் அசைவு மெதுவாக இருந்தது.

எஸ்.எஸ்.ஐ. ஆகும் நாளில் ஒரு மாற்றம் நடக்கிறது. வெளியிலிருப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. தலைமைக் காவலர்வரை ஒருவர் எண்ணால் அறியப்படுகிறார். முதல் தகவல் அறிக்கையிலும் பொது நாட்குறிப்பிலும் பணி ஒதுக்கீட்டுத் தாளிலும் பெயருடன் அந்த எண் ஒட்டிக்கொண்டே வரும். பல இடங்களில் பெயரே இருக்காது, எண் மட்டும்தான். எஸ்.எஸ்.ஐ. ஆனதும் எண் போய்விடுகிறது. உயர்வு பெற்றவர்களின் பெயர்களை மாவட்ட ஆணைக்காகத் தட்டச்சு செய்யும்போது எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாது என்று இரண்டு முறை சரிபார்ப்பேன். 25 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் பெயர் அது.

இனி, மறுபக்கம். இந்த உயர்வு ஆளுக்குக் கிடைப்பது, இடத்துக்கு அன்று. அவர் ஓய்வுபெற்றதும் அந்தப் பணியிடம் மீண்டும் இரண்டாம் நிலைக் காவலர் இடமாகிவிடும். எனவே ஒரு நிலையத்தில் எத்தனை தலைமைக் காவலர்கள், எத்தனை எஸ்.எஸ்.ஐ.க்கள் இருப்பார்கள் என்பதை அந்த நிலையத்தின் தேவை தீர்மானிப்பதில்லை. எந்த ஆண்டில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது. பெரிய அளவில் ஆள் எடுத்த ஓர் ஆண்டின் அணி ஒரே நேரத்தில் மேலேறும்போது, பாரா நிற்கவும் சம்மன் கொண்டுபோகவும் நிலையத்தில் இளம் காவலர்கள் குறைந்துவிடுவார்கள். வடலூர் தைப்பூசத்துக்கும் சிதம்பரம் தேருக்கும் பாதி ஆட்கள் போய்விட்ட நாள்களில், தோளில் நட்சத்திரம் வைத்திருப்பவரே நிலைய வாசலில் துப்பாக்கியுடன் நிற்க வேண்டியிருக்கும்.

சட்டமோ பதவியைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறது. நிலையப் பொறுப்பு அதிகாரி இல்லாதபோது, இருப்பவர்களில் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர் அந்த அதிகாரத்தைப் பெறலாம். ஆனால் அவர் காவலர் நிலைக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். தலைமைக் காவலரின் மூன்று பட்டைக்கு இருக்கும் உண்மையான எடை அங்கேதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளைப் புலனாய்வு செய்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. ஆக, ஒரு மாவட்டத்தில் எந்தப் பதவியில் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பது எங்கள் அலுவலகக் கணக்கு மட்டுமன்று. ரெட்டிச்சாவடியிலோ திட்டக்குடியிலோ ஒரு தாய் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

கடலூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. முள்ளோடை தாண்டியதும் காவலர்களின் தலையில் சிவப்புத் தொப்பி, பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்றது. அங்கே தலைமைக் காவலருக்கும் உதவி ஆய்வாளருக்கும் நடுவே ஏ.எஸ்.ஐ. என்று தனிப் படி உண்டு. மேலே நம்மிடம் இல்லாத முதுநிலைக் கண்காணிப்பாளர் பதவியும் உண்டு. ஐ.பி.எஸ். அதிகாரிகளும் டெல்லி, கோவாவுடன் சேர்ந்த ஒன்றியப் பிரதேசத் தொகுப்பிலிருந்து வருவார்கள். எல்லை வழக்குகளுக்காகக் கடிதம் எழுதும்போது அங்கே யார் நம்முடைய யாருக்குச் சமம் என்று பார்த்து எழுதுவது எங்கள் பிரிவின் வழக்கமான வேலை. நடுவில் ஒரு படி இருப்பது நல்லது என்பது என் எண்ணம். நீண்ட அனுபவம் உள்ளவருக்கு ஒரு குறிப்பிட்ட வேலையை ஒப்படைக்க அது இடம் தருகிறது.

நம் எஸ்.எஸ்.ஐ.க்குக் குறைவது அதுதான். தேர்வெழுதி நேரடியாக உதவி ஆய்வாளர் ஆகிறவர், 20 விழுக்காடு துறை ஒதுக்கீட்டில் வரும் காவலர் உட்பட, ஊனமாஞ்சேரி காவல் உயர் பயிற்சியகத்தில் சட்டமும் புலனாய்வும் கற்றுவருகிறார். அத்தனை ஆண்டுகள் வேலை பார்த்து எஸ்.எஸ்.ஐ. ஆனவருக்கு மாவட்ட ஆணை கிடைக்கிறது. அந்த அளவுக்குப் பயிற்சி கிடைப்பதில்லை. ஆனால் பெண்ணையாற்றங்கரையில் அடையாளம் தெரியாத ஓர் உடல் ஒதுங்கினால், பஞ்சாயத்தார் எனப்படும் உள்ளூர்ச் சாட்சிகள் முன்னிலையில் பிண விசாரணை அறிக்கையை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று புதிதாக வந்த உதவி ஆய்வாளர் அந்த எஸ்.எஸ்.ஐ.யிடம்தான் கேட்கிறார். அறிக்கை கோப்பில் சேரும்போது கீழே இருப்பது உதவி ஆய்வாளரின் கையெழுத்து மட்டுமே. சொல்லிக்கொடுத்தவரின் பணிப் பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட ஏறுவதில்லை.